உப்பாத ரொட்டி

சுரங்கத்தில் ஆபத்துச் சங்கு ஊதியதிலிருந்து எங்கள் வாசல் கதவு திறந்தே கிடக்கிறது. அப்பா இன்னும் கீழேதான் இருக்கிறார். குளிர்காற்று பட்டு, அடுப்போரம் பொங்க வைத்த மாவு அமுங்கிவிட்டது. அம்மா அதையே சுட்டு எடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு எட்னா ரொட்டியை விரலால் தட்டிப் பார்க்கிறாள். "ஸேட் ஆயிருச்சே ஹன்னா. கதவச் சாத்தியிருக்கலாம்ல?" என்று அம்மாவிடம் கேட்கிறாள். 'ஸேட்' என்பது சோகத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல்தான்; வட இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயர் பக்கம் உப்பாத ரொட்டிக்கும் அதையே சொல்கிறோம். ஆதியில் அதற்கு வயிறு நிறைந்தது என்று பொருள், பிறகு கனமானது என்று ஆயிற்று, சோகம் அதற்கப்புறம்தான் வந்தது என்று பள்ளி அகராதியில் படித்திருக்கிறேன். "மனுசன் மேல வரட்டும், கல்லக் குடுத்தாலும் திம்பாரு," என்கிறாள் அம்மா. "அவரு பல்லுக்கு நான் பொறுப்பில்லம்மா," என்கிறாள் எட்னா. யாரும் சிரிக்கவில்லை. தெருக்கல்லில் சுரங்கக்காரர்களின் மரக்காலணிச் சத்தம் நெருங்கி வருகிறது. எங்கள் வீட்டருகே வந்ததும் மெதுவாகிறது.