பொக்கிஷப் பெட்டியின் பூட்டு

சாவி சரியானதுதான். பூட்டும் நேற்றுவரை திறந்ததுதான். இன்று மட்டும் சாவி பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

“ஊர்ப் பூட்டையெல்லாம் ஊதியே திறப்பீங்க. நம்ம வீட்டுப் பூட்டுன்னா கை நடுங்குதா?” என்றாள் மனைவி.

பூட்டுக்காரருக்கு வியர்த்தது. “சாவி கடைசிவரைக்கும் போனாத்தாம்மா உள்ள இருக்கிற தகடெல்லாம் ஒரே மட்டத்துக்கு எழும்பும். அப்பத்தான் நாக்கு நகரும்.”

“பாடம் அப்புறம் எடுங்க. கால் மணி நேரத்துல கூட்டம்.”

குடியிருப்பில் எல்லாரும் ஆளுக்கொரு பொக்கிஷத்தைக் கொண்டுவந்து, அதன் கதையைச் சொல்ல வேண்டும். அவளுடைய பொக்கிஷம், கல்யாணத்துக்கு முன் அவர் அனுப்பிய பன்னிரண்டு கடிதங்கள். எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

“இன்னிக்குத் திறக்காதும்மா.”

“போகுது விடுங்க. பன்னிரண்டும் எனக்கு மனப்பாடம். மேடையில அப்படியே ஒப்பிச்சிடறேன்.”

அவள் புடவை மாற்ற உள்ளே போனாள். முன்வரிசையில் மாடிவீட்டு வாத்தியார் உட்காருவார். வாயில் ஒரு விஷயம் தங்காத மனிதர். அந்தக் கடிதங்களில் பூட்டுக்காரருடையது கையெழுத்து மட்டும்தான். வரிகளெல்லாம் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியவை.

காலையில் அவரே பெட்டியின் சாவித்துளைக்குள் தீக்குச்சித் துண்டைச் செருகியது வீணாகிவிட்டது.

சத்தமில்லாமல் மாடியேறினார். வாத்தியார் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, சட்டைக்கு இஸ்திரி போடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. உள்ளும் வெளியும் ஒன்றாக ஓடும் கதவின் சாவித்துளைக்குள் இன்னொரு தீக்குச்சியைச் செருகி, ஒட்ட உடைத்துவிட்டு இறங்கினார்.

அந்தக் குடியிருப்பில் பூட்டுத் திறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கூட்டம் முடிந்த பிறகுதான் அவருக்கு நேரம் கிடைக்கும்.