இடது கால் பூட்ஸ்

"நுவாலா! என் இடது கால் பூட்ஸ் எங்க?"

டோனல் போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. வாசலில் அவன் நண்பன் மாலக்கி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவன் வேன் கூரையில் அலைச்சறுக்குப் பலகைகள். நவம்பர்ப் புயலில் ஸ்லைகோ கரையில் கடல் மாடி உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது.

"அங்கதான் கெடக்கும், நல்லாப் பாரு."

சொல்லும்போதே அவன் மனைவி நுவாலாவின் கண் மாடிப்படிப் பக்கம் போய் வந்தது. போன குளிர்காலத்தில் அவனைக் கடலிலிருந்து நீலம் பாரித்த உதட்டோடு தூக்கி வந்தார்கள்.

"அந்த ரப்பர் பூட்ஸ் இல்லாம இந்தத் தண்ணியில எறங்கினா பத்தே நிமிஷத்துல கால் மரத்துடும்!"

மாலக்கி இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினான். "என்னடா, பயந்துட்டியா?"

"பயமா, எனக்கா? இவ பூட்ஸ ஒளிச்சு வெச்சுட்டாடா!"

நுவாலா தோளைக் குலுக்கினாள். மாலக்கி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேனைக் கிளப்பிக்கொண்டு போனான். டோனல் முணுமுணுத்தபடி சமையலறைக்குள் நுழைந்தான்.

அவன் அங்கேயும் தேட வருமுன், நுவாலா மாடிப்படிக்குக் கீழே இருந்த கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியை அவசரமாக இழுத்தாள். டிசம்பர் வரை யாரும் அதைத் திறக்கமாட்டார்கள் என்றுதான் காலையில் அதற்குள் ஒளித்து வைத்திருந்தாள், அவனுடைய கையுறைகளை. பூட்ஸை அவள் தொடவே இல்லை.

மூடியைத் திறந்தாள்.

கையுறைகளுக்கு மேலே, இடது கால் பூட்ஸ். வீட்டில் இருந்ததோ அவர்கள் இருவர் மட்டும்.

"கெடச்சுதா?" சமையலறையிலிருந்து டோனலின் குரல் நடுங்கி வந்தது.

நுவாலா மூடியை அழுத்தி மூடினாள்.

"இல்ல. விடு டோனல், கடல் அடங்கினதும் தானா கெடைக்கும்."