ஆற்றுக்கு அப்பால் ஒரு கை

"செத்தவளோட முக்காட்டைக் கட்டிக்கிட்டு எங்கடி கிளம்பிட்ட? அவ புருஷனை எடுத்துக்கிட்டது போதாதா?" பக்கத்து வீட்டு எமிலியா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

அல்டோனா நடையை எட்டிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை. ஆற்றுக்குப் போயாக வேண்டும்.

இந்தக் கரை போலந்து, அந்தக் கரை லிதுவேனியா. பதினெட்டு வருஷமாக இரண்டு நாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தபால் கிடையாது, ரயில் கிடையாது. கரையில் நின்று கத்திப் பேசினால் காவல்காரன் துப்பாக்கியைத் தூக்குவான்.

அல்டோனாவின் புருஷன் யுர்கிஸின் முதல் மனைவி மார்செலே ஞாயிறுதோறும் அங்கே போய் நிற்பாளாம். எதிர்க்கரையில் அவள் அக்கா பர்போரா வந்து நிற்பாளாம். மார்செலே காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததை அக்காவுக்குச் சொல்ல வழியில்லை.

இரண்டாம் தாரமாக வந்த அல்டோனா, கல்யாணமான புதிதில் துணி அலசப் போன இடத்தில், அக்கரையில் தனியாக நின்றவளைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடி, மார்செலேயின் வெள்ளை முக்காட்டைக் கட்டிக்கொண்டு வந்து கையாட்டினாள்.

பனிமூட்டத்துக்குள் ஒரு கை மெல்ல எழுந்தது. நீருக்கடியில் அசைவது போல, வெகு மெதுவாக ஆடியது.

அதன்பின் அந்த ஒரு கணத்துக்காகவே வாரங்கள் நகர்ந்தன.

"சேதி தெரியுமா? ரெண்டு நாடும் ராசியாயிடுச்சு! தூதர்களை அனுப்பப் போறாங்களாம்!" வசந்தத்தில் ஒரு நாள் யுர்கிஸ் துள்ளிக்கொண்டு வந்தான்.

ஊரே சிரித்தது. அல்டோனா மட்டும் சிரிக்கவில்லை; அந்த அக்கா நேரில் வந்தால் குட்டு உடைந்துவிடும். இந்தப் பகை இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கக்கூடாதா?

கோடையில் பர்போரா படகில் வந்து இறங்கினாள். அல்டோனா தலைகுனிந்து நின்றாள்.

"மார்செலே போய் மூணு வருஷமாச்சு. நான்தான் உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்கக்கா."

"நீ முதல்ல கையாட்டின அன்னைக்கே தெரியும்மா, அது அவ இல்லன்னு."

"எப்படிக்கா?"

"நிலத்தகராறுல எங்களுக்குள்ள பேச்சே நின்னுபோச்சு. கரைக்கு வருவோம், முறைச்சுப் பார்த்துட்டுப் போவோம். அவளும் ஆட்டினதில்ல, நானும் ஆட்டினதில்ல. அவ முக்காட்டைக் கட்டிக்கிட்டு உன் கை ஆடினதும், அவ போயிட்டான்னு புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்தீங்க?"

பர்போராவின் கண்கள் நிறைந்தன.

"அவளுக்கு ஆட்டாம விட்டதைத்தான்மா உனக்கு ஆட்டிக்கிட்டிருந்தேன்."