சிவப்புக் கோட்டுக்குக் கீழே

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு. முப்பத்து நாலு வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தலைமையாசிரியை நாற்காலி மூன்று தடவை காலியானது. மூன்று தடவையும் அம்மாவுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான் போய் உட்கார்ந்தார்கள்.

இது நாலாவது தடவை. அடுத்த வருஷம் அம்மாவுக்கு ஓய்வு. இதை விட்டால் இனி கிடையாது.

"நாளைக்கு உத்தரவு போடறாங்க. இந்தத் தடவையும் எனக்கு இல்ல போலிருக்கு," என்றாள் அம்மா, தோள்பையைக் கழற்றிக்கொண்டே. கடையில் சோப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல.

"ஏன் இல்லையாம்?"

"தினமும் லேட்டா வர்றேனாம்."

விசாரித்தேன். உண்மைதான்! அங்கே மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்களாம். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் தாமதம். மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு காலி. அம்மாவின் கையெழுத்து இத்தனை வருஷமும் கோட்டுக்குக் கீழேதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அப்பாவிடம் போனேன்.

"எல்லாம் உங்களாலதான்! உங்க சட்டையத் தேய்ச்சு, உங்க கண்ணாடியத் தேடிக் குடுத்து... அப்புறம் அம்மா எப்படி நேரத்துக்குப் போவாங்க?"

"அடேயப்பா! என் சட்டைய நான்தானே தேய்க்கிறேன்? உன் சாப்பாட்டு டப்பாவத்தான் உங்கம்மா கட்டறா."

"பேச்சை மாத்தாதீங்கப்பா!"

"மாத்தல தாயே. உங்கம்மா எட்டரைக்கே கிளம்பிடறா. பள்ளிக்கூடம் கால் மணி நேர நடை. மணி அடிக்கிறது ஒன்பதுக்கு. நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே, கணக்குப் போட்டுப் பாரு."

போட்டேன். இடித்தது.

அம்மாவைக் கேட்டால், "விடுடி, நோட்டு திருத்தணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

விடுவேனா? மறுநாள் என் வகுப்புக்கு மட்டம். "வேணாம்டி, மானத்த வாங்காதே" என்று கெஞ்சிய அம்மாவை இழுத்துக்கொண்டு பள்ளித் தாளாளர் அறைக்குள் நுழைந்தேன்.

"நீ யாரும்மா?" என்றார் அந்தப் பெரியவர்.

"இவங்க பொண்ணு. எட்டரைக்கே வீட்ட விட்டுக் கிளம்பறவங்கள லேட்டுங்கிறீங்க. உங்க பதிவேட்டுலதான் ஏதோ தில்லுமுல்லு!"

அவர் கோபப்படவில்லை. பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். அம்மாவின் கையெழுத்தேதான். பக்கத்தில் அவளே எழுதிய நேரம்: ஒன்பது பத்து. ஒன்பது எட்டு. ஒன்பது பன்னிரண்டு.

தாளாளர் அம்மா பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க டீச்சர், எட்டரைக்குக் கிளம்பி எங்கே போறீங்க?"

"நம்ம பள்ளிக்கூடத் தெருமுனைக்கு ஐயா."

"தெருமுனைக்கா! அங்கே என்ன வேலை?"

அம்மா என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சொன்னாள்.

"கடைசி ஆசிரியர் உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டணும்ங்கிறது இங்க விதி. அதுக்கப்புறம் வர்ற பிள்ளைங்கள வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடறாங்க. தம்பியக் குளிப்பாட்டி விட்டுட்டு ஒரு பொண்ணு ஓடி வரும். இன்னொண்ணு ஒத்தச் செருப்போட வரும். தூரத்துல அதுங்க வர்றது தெரியுது, நான் எப்படி ஐயா உள்ளே வர்றது? கடைசிப் பிள்ளை நுழைஞ்சப்புறம் நான் நுழைவேன்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னம்மா?" என்று கத்தியேவிட்டேன்.

"சொன்னா மணி அடிச்சதுமே பூட்டச் சொல்லிடுவாங்களேடி!"

மேசைமேல் உத்தரவு கிடந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலி. தாளாளர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"தலைமையாசிரியைன்னா எல்லாருக்கும் முன்னாடி வரணும் டீச்சர். இனிமேலாவது நேரத்துக்கு வருவீங்களா?"

'சரின்னு சொல்லும்மா!' மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

அம்மா காலை நகர்த்திக்கொண்டாள்.

"கேட்டுச் சாவிய என்கிட்ட குடுத்துடுங்க ஐயா. நாளையிலேருந்து முதல் ஆளா வர்றேன்."