காதில் இனிப்பான்

"அந்தப் புது டிரம்மர் டிரம்ஸா வாசிக்கிறான்? தகர டப்பால சரளைக்கல்லைப் போட்டு உருட்டுறான்!" என்று டிக்கெட் வரிசையில் நின்று கத்தினாள் தாட்சாயணி.

பின்னால் நின்ற குகன் பூரித்துப்போனான். "ரொம்பத் தேங்க்ஸ்ங்க! எனக்கும் அவரைத்தான் பிடிக்கும்."

எல்லார் காதிலும் இனிப்பான் என்ற கருவி ஏறிய பிறகு இதே கூத்துதான். எவ்வளவு கசப்பாகத் திட்டினாலும், கேட்பவர் காதில் பாராட்டாகத்தான் விழும். 'இடிச்சத்தம்' ராக் குழுவுக்காக ஒரு காலத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்ட ரசிகர்கள் இப்போது ஒருவருக்கொருவர் ஆமாம் சாமி போட்டார்கள். சண்டைக்கு ஆளில்லாமல் தாட்சாயணிக்குப் பாட்டே சப்பென்று ஆகிவிட்டது. இதுதான் கடைசிக் கச்சேரி என்ற முடிவோடு வந்திருந்தாள்.

தன் இனிப்பானைப் பிடுங்கிப் பையில் போட்டாள். 'நீயும் கழட்டு' என்று சைகை காட்டினாள். அவன் கழற்றியதும், சொன்னதையே இன்னும் உரக்கச் சொன்னாள்.

குகனின் முகம் சிவந்தது. "ஏம்மா, உங்க பழைய ஆளு மட்டும் என்னத்தக் கிழிச்சான்? பாட்டு முடிஞ்சப்புறம்தானே அவன் முதல் அடியே விழும்!"

தாட்சாயணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பாடா, ஒருத்தன் அவள் பேச்சைக் காதில் வாங்கிவிட்டான்!

தை பிறந்ததும் கல்யாணம். வீட்டுக்குள் இருவருமே இனிப்பான் போடுவதில்லை; டிரம்மர் சண்டை ஓய்வதும் இல்லை. பாவம், மேல்வீட்டு ஆராவமுதன் தம்பதிதான். இனிப்பான் வழியே அவர்களுக்கு அத்தனையும் கொஞ்சலாகவே கேட்டது. "புதுசா கட்டிக்கிட்டவங்கதான், அதுக்காக நாள் முழுக்கவா?" என்று தலையிலடித்துக்கொண்டு ஊரப்பாக்கம் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.