கொழுப்பு அவருதுதான்

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கொழுப்பு உங்களுதுதானா?"

உலகநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி மாணவி மரிய சுகந்தி, கொளுத்துற வெயிலில் பாகூர் வரைக்கும் ஸ்கூட்டி ஓட்டி வந்து கேட்கிற கேள்வியா இது?

"சத்தியமா அவருதுதாம்மா. இந்த வூட்டுல அதுக்கு மட்டும் பஞ்சமே இல்ல," என்று மோரை நீட்டினாள் அவர் மனைவி ருக்குமணி.

சுகந்திக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் அவள் கல்லூரி ஆஸ்பத்திரியில் உலகநாதனுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன் நடந்தபோது, அவர் சம்மதத்தோடு கொஞ்சம் கொழுப்பும் கொஞ்சம் எலும்பு மஜ்ஜையும் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார்கள்.

"கொழுப்புலயும் ஸ்டெம் செல் இருக்கு. மஜ்ஜையில ரத்தம் உண்டாக்குற ஸ்டெம் செல் இருக்கு. ரெண்டும் எக்சோசோம்னு பொடிப் பொடியா பொட்டலம் கட்டி வெளிய அனுப்பும். எந்தப் பொட்டலத்துல என்னென்ன புரதம் இருக்குன்னு ஒப்பிட்டுப் பார்க்கறதுதான் என் வேலை."

"இன்னா இருந்துச்சு?" உலகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொழுப்புல ஆம்பளைங்களுக்கு மட்டுமே உள்ள புரதம் இருக்கு. மஜ்ஜையில அது துளிகூட இல்ல. அந்த மஜ்ஜை ஒரு பொம்பளையோடதுங்க!"

"இன்னாது!"

"லேப்ல நான் குழாயை மாத்தி வச்சுட்டேன்னு எங்க சார் திட்றாரு. அப்படின்னா என் உழைப்பு மொத்தமும் குப்பைக்குத்தான். உங்களுக்கு முன்னாடி ஏதாவது பெரிய நோய் இருந்துச்சா?"

"ஒண்ணும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கேன்." வாய் இப்படிச் சொல்ல, கண் ருக்குமணி பக்கம் போனது.

சுகந்தி விடவில்லை. "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேங்க. மாதா மேல சத்தியம்."

உலகநாதன் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பிளட் கேன்சர் வந்துச்சும்மா. மெட்ராஸ்ல யாரோட மஜ்ஜையையோ ஏத்தித்தான் பொழைக்க வச்சாங்க. ரெண்டு வருஷமா பொண்ணுக்கு வரன் பார்த்து, இப்பதான் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு. அப்பனுக்கு இப்படின்னு தெரிஞ்சா சம்பந்தி வூட்டுல கை கழுவிடுவாங்க. அதான் உங்க டாக்டருங்க கேட்டப்பவும் ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

அப்பாடா! சுகந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழாய் மாறவே இல்லை. உடனே அடுத்த ஆர்வம் பிடித்துக்கொண்டது.

"யாருங்க குடுத்தாங்க?"

"யாரோ புண்ணியவான். பேரெல்லாம் சொல்ல மாட்டாங்களாம். நான் நெனைவே இல்லாம கெடந்தேன், ருக்குதான் எல்லாத்தையும் பார்த்துக்கிச்சு."

"புண்ணியவதின்னு சொல்லுங்க. ஆளுக்கு ஆள் மாறுற புரதங்க கூட உங்களோட அவ்ளோ ஒத்துப்போவுது. ரத்த சொந்தமாத்தான் இருக்கணும். கூடப் பொறந்தவங்களா?"

ருக்குமணி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தாள்.

"நில்லு ருக்கு," என்றார் உலகநாதன். "எனக்குக் கூடப் பொறந்தவ ஒருத்திதான்."

"ஆமாங்க, செல்வகுமாரிதான்." ருக்குமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வரப்புத் தகராறுல, 'என் சாவுக்குக்கூட அவ வரக் கூடாது'ன்னு ஊரக் கூட்டிக் கத்துனீங்களே... அதான், சாகறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிட்டா."