படகுக்காரன் விருந்து

"இந்த ஊர்ல யாரும் மனசுல இருக்கறதைச் சொல்றதே இல்ல. எல்லாம் உதட்டளவு" என்றார் ரிஃபாத், தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

தேநீர்க் கடைக்காரர் ஷஹாத்தா சிரித்துக்கொண்டார். தெரிந்த புலம்பல்தான்.

நைல் கரையில் இருக்கும் அந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கு ரிஃபாத் ஆசிரியராக மாற்றலாகி வந்து மூன்று வாரம் ஆகிறது. மனைவியும் பிள்ளைகளும் தாந்தா நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். வந்த நாளிலிருந்து மனிதர் ஊராரின் பேச்சோடு மல்லுக்கு நிற்கிறார். "காலை மல்லிகையா மலரட்டும்" என்று யாராவது வாழ்த்தினால், காலைக்கும் மல்லிகைக்கும் என்ன உறவு என்று கேட்பார். முடிவெட்டி முடித்த நாவிதர் வழக்கப்படி "சுகமாகட்டும்" என்று சொல்லப்போக, முடி போனதில் என்ன சுகம் என்று கால் மணி நேரம் வாதாடியிருக்கிறார்.

சூரியன் சாய்ந்தது. ஆற்றின் நடுவே நங்கூரம் போட்டிருந்த, கல் ஏற்றிய படகிலிருந்து தினசரிக் குரல் வந்தது.

"உஸ்தாத், வாங்க சாப்பிடலாம்."

வாத்தியாரை அப்படி உஸ்தாத் என்று கூப்பிட்டது படகோட்டி பகீத். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒருவர் இருக்க, கூப்பிடாமல் ரொட்டியைப் பிய்ப்பது அந்தப் பக்கத்தில் பாவம். ரிஃபாத்தும் நெஞ்சில் கைவைத்து, இப்போதுதான் ஆயிற்று, வயிறு நிறைந்திருக்கிறது என்று தினமும் பதில் குரல் கொடுப்பார்.

உண்மையில் காலையில் தின்ற மொச்சை எப்போதோ கரைந்துபோயிருந்தது. அறைக்குப் போனால் காய்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காத்திருக்கும். தனியாக உட்கார்ந்து தின்றால் அது தொண்டையில் இறங்குவதில்லை. காற்றில் மீன் குழம்பு வாசனை வரும்போதெல்லாம் அவருக்குப் படகோட்டி மேல் கோபம் கோபமாக வரும்.

"பாத்தீங்களா? ஒப்புக்குக் கூப்பிட்டா 'படகுக்காரன் விருந்து'ன்னு சொல்றோமே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு வகுப்புல பசங்க கேட்டாங்க. இதோ, இங்கேருந்துதான். கரையில இருக்கறவன் நீந்தி வரவா போறான்னு தைரியம்."

"போய்ப் பாத்தாத்தானே தெரியும் உஸ்தாத்?"

ஷஹாத்தா சும்மா சீண்டித்தான் பார்த்தார். ரிஃபாத் எழுந்துவிட்டார். வலை போடக் கிளம்பிய ஒரு மீனவரின் ஓடத்தில் ஏறி, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடையில் இருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கக் கரைக்கு வந்தார்கள். இன்றைக்குப் பகீத்தின் முகத்தில் அசடு வழிவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று ரிஃபாத்துக்கு ஒரே வைராக்கியம்.

பகீத் முகத்தில் ஒன்றும் வழியவில்லை.

"இன்னைக்காவது வந்தீங்களே" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார். ஒரு மண்சட்டி நிறையக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் ஒருவர்தான், பக்கத்தில் தட்டு இரண்டு இருந்தது.

"யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார் ரிஃபாத்.

"நீங்கதான். மூணு வாரமா அந்தத் தட்டைச் சும்மாவே கழுவி வைக்கறேன்."

ரிஃபாத் அந்தத் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சமாளித்துக்கொண்டு, அவ்வளவு ஆசை இருந்தால் கரைக்கே வந்து கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டார்.

"கல்லோட கரையில கட்டினா, ராத்திரி அணையில தண்ணியைக் குறைச்சதும் அடிப்பலகை சேத்துல சிக்கிடும் உஸ்தாத். ஆளுங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிடறாங்க. படகைத் தனியா விட்டுட்டு நான் எப்படி வர? குரலைத்தான் அனுப்ப முடியும்."

பசி எல்லாவற்றையும் மறக்கடித்தது. ஒரு முழு மீன் முள்ளாகிப் போனது. மூன்று வாரத்தில் முதல் முறையாக, எதிரில் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார் ரிஃபாத். பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், சிரித்தார். மனசு நிறைந்துபோய், 'படகுக்காரன் விருந்து' பற்றிக் கரையில் தான் பேசியதையும் ஒப்புக்கொண்டுவிட்டார். பகீத் கோபப்படவில்லை. அந்தப் பேச்சைத் தன் அப்பா காலத்திலிருந்தே கேட்டுவருவதாகச் சொல்லிவிட்டு, இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தார்.

கரையில் ஷஹாத்தா இன்னும் நின்றுகொண்டிருந்தார். கடை திறந்தால் மூடும்வரை அவர் வாயில் தேநீரைத் தவிர எதுவும் போகாது. அது ரிஃபாத்துக்கு நன்றாகத் தெரியும். பாவமாக இருந்தது. எழுந்து நின்று, கைகளைக் குவித்து, நெஞ்சாரக் கூப்பிட்டார்.

"ஷஹாத்தா, நீங்களும் வாங்க. மீன் நிறைய இருக்கு."

ஷஹாத்தா நெஞ்சில் கைவைத்தார்.

"இப்பதான் ஆச்சு உஸ்தாத், வயிறு நிறைஞ்சிருக்கு."

"பொய் சொல்றார்" என்றார் ரிஃபாத் பதறிப்போய். "நான் நிஜமாத்தானே கூப்பிட்டேன்?"

பகீத் சிரித்தபடி சட்டியிலிருந்து இன்னொரு மீனை அவர் தட்டுக்குத் தள்ளினார்.

"எங்க படகுலயும் ஒரு சொல் உண்டு உஸ்தாத். கூசாம பொய் சொல்றவனை 'கரைக்காரன் வயிறு'ம்போம். மூணு வாரமா உங்களைத்தான் அப்படிச் சொல்லிக்கிட்டிருந்தேன்."